பிள்ளைக்கு ரெண்டு வருஷம்: வேலை நீளுமா, வரம்பு நீளுமா?

பாளைக்காரி: "ஜெர்மனியில் வேலை பார்க்கும் நம் பேராசிரியைகளுக்கு என்ன கஷ்டம், பிள்ளை பெற்றால் அரசாங்கமே ரெண்டு வருஷம் வேலையை நீட்டிக் கொடுக்கிறது" என்று டவுன் அண்ணாச்சி நேற்று எழுதியதைப் படித்து எனக்குத் தூக்கம் வரவில்லை. யாரும் நீட்டிக் கொடுப்பதில்லை. முனைவர் பட்டத்துக்கு முன்னால் 6 வருஷம், பின்னால் 6 வருஷம், அதுவரைக்கும்தான் ஒப்பந்த வேலை என்று அங்கே சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. பிள்ளைக்கு ரெண்டு வருஷம் கூடுவது அந்த வரம்பில். ஒப்பந்தம் போடுவது பல்கலைக்கழகத்தின் இஷ்டம். கைக்குழந்தையோடு அதைக் கேட்டு நின்றவள் நான்.

டவுன் அண்ணாச்சி: வரம்பு கூடினால் வேலை கூடியது போலத்தானே தங்கச்சி? சட்டத்தில் ரெண்டு வருஷம் இருக்கிறதா இல்லையா? நம்மூர் கௌரவ விரிவுரையாளர்களைக் கேளுங்கள், கஷ்டம் என்றால் என்னவென்று தெரியும்.

பாளைக்காரி: நானும் கௌரவ விரிவுரையாளராக இருந்தவள்தான். குளத்துக் கரையை உயர்த்திவிட்டால் தண்ணீர் வந்துவிடுமா அண்ணாச்சி?

வள்ளியூர் டீச்சர்: அதை விடுங்கள். பேறுகாலத்துக்கு அம்மா போனால், ஐரோப்பாவுக்குப் போய்வரக் கொடுக்கும் ஷெங்கன் விசாவில் 180 நாளுக்கு 90 நாள்தான் இருக்கலாம். என் நாத்தனாருக்குப் பிள்ளை தலை நிற்கும் நேரத்தில் அத்தை கிளம்ப வேண்டியதாகிவிட்டது. களிக்குக் கொண்டுபோன நெய்யையும் சுங்கத்தில் எடுத்துவிட்டார்கள்.

தென்காசிக்காரன்: உளுந்தங்களிக்கு எதற்கு நெய்? நல்லெண்ணெயும் கருப்பட்டியும்தான்.

வள்ளியூர் டீச்சர்: எங்கள் வீட்டில் நெய்தான் விடுவோம். உங்கள் ஊர் வழக்கத்தை எங்கள் அடுப்பில் ஏற்றாதீர்கள்.

டவுன் அண்ணாச்சி: போன வருஷம் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுப் பேச்சிலும் பாளைக்காரி இப்படித்தான் அடுத்தவரைப் பேசவிடவில்லை. தென்னிந்திய ஆக்ஸ்போர்டு என்கிற பாளையங்கோட்டையில் பிறந்த நினைப்பு.

பாளைக்காரி: ஆமாம், பெருமைதான். 1895-லேயே பெண்களுக்கு சாரா டக்கர் கல்லூரி வந்த ஊர், என் ஆச்சி படித்த இடம். ஊரை இழுத்துப் பேச்சை மாற்றாதீர்கள். ஆராய்ச்சித் திட்டப் பணத்தில் சம்பளம் வாங்குகிறவளுக்குத் திட்டம் முடிகிற தேதியில் வேலையும் முடியும், மகப்பேறு விடுப்பில் இருந்தாலும் சரி. விசாவும் அந்த வேலையை நம்பித்தான். முதல் வருஷம் முழுக்க ராத்திரி ரெண்டு மணி வரை பாடத்தை ஜெர்மனில் எழுதி, வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவேன். இதெல்லாம் கஷ்டம் இல்லையா?

டவுன் அண்ணாச்சி: ரெண்டு வருஷம் உண்டு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அது போதும்.

பாளைக்காரி: வரம்பு அண்ணாச்சி, வரம்பு! அந்தச் சட்டப் பிரிவை நாளைக்கே தமிழில் முழுசாக எழுதிப் போடுகிறேன்.