இன்டர்வியூவில் "திட்டிக் காட்டு" என்கிறார்கள். இந்த வேலையில் சேரலாமா?

கீழ்பவானிக்காரன்:

வணக்கமுங்க. எனக்கு ஊர் கோபி பக்கம். குமாரபாளையத்தில் டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்துவிட்டு ஈரோட்டில் ஒரு சின்ன தையல் யூனிட்டில் வேலை பார்த்தேன். போன வாரம் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் (வரிசையாக உட்கார்ந்து தைக்கிற டைலர்களை மேற்பார்க்கிற ஆள்) வேலைக்கு இன்டர்வியூ. ஹெச்.ஆர். மேடம் படிப்பு, அனுபவம் எல்லாம் மரியாதையாகத்தான் கேட்டார். அப்புறம் புரொடக்‌ஷன் மேனேஜர் ஆரம்பித்தார். நடுவில் அவருக்கு ஒரு போன். பேசியவரின் அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை, அக்காவை இழுத்து ஒரு வார்த்தை. மேடம் குனிந்து பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு என்னிடம், "நாளைக்கு ஷிப்மெண்ட். பேட்லாக் மெஷின் டைலர் ஒருத்தி டீக்குப் போயிட்டு அரை மணி நேரம் கழிச்சு வர்றா. நான்தான் அவள்னு நெனச்சுக்க. எப்படித் திட்டுவே? திட்டிக் காட்டு" என்றார்.

"திட்ட மாட்டேனுங்க சார். ஏன் லேட்டுன்னு கேட்பேன். அதுக்குள்ள தேங்குன துணி பண்டலை வேற மெஷினுக்கு மாத்தி விட்டிருப்பேன்" என்றேன். "பூசாரி வேலைக்கா வந்திருக்கே? வாய் இல்லாதவனுக்கு லைன் ஓடாது" என்று சிரித்தார். ஆனால் சாயங்காலமே கூப்பிட்டு, சம்பளம் 19,000, திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். அப்பா, "எல்லாப் பக்கமும் அப்படித்தான் சாமி, போய்ச் சேரு" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இன்டர்வியூவில் இப்படிக் கேட்பது முறைதானா? சேரலாமா?

நொய்யல்:

தம்பி, கெட்ட வார்த்தை காதில் விழாத பனியன் கம்பெனி எங்கே இருக்கிறது? உங்கள் தைரியத்தைப் பார்க்க வைத்த டெஸ்ட் அது. கொஞ்ச நாளில் பழகிவிடும். உங்கள் அனுபவத்துக்கு நல்ல சம்பளம், விட்டுவிடாதீர்கள்.

ஓவர்லாக் அக்கா:

நொய்யல் அண்ணா, அதை டெஸ்ட் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. நான் கைமடியாக, அதாவது டைலருக்கு உதவியாளாக, உள்ளே போனவள். ஓவர்லாக் டைலர், செக்கிங், லைன் சூப்பர்வைசர் என்று வந்து இப்போது விதிகள் சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் வேலையில் இருக்கிறேன். சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது நானும் அந்த மேஜையில் உட்காருகிறேன்.

தம்பி, நீங்கள் திட்டைத் தாங்குவீர்களா என்று அவர் பார்க்கவில்லை. அவருக்காக நீங்கள் திட்டுவீர்களா என்று பார்த்திருக்கிறார். இரண்டும் ஒன்றில்லை. புது ஆளுக்கு முன்னால், பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கும்போதே வாயை அடக்காதவர் ஷிப்மெண்ட் ராத்திரியில் லைனில் எப்படி நிற்பார் என்று யோசியுங்கள்.

எக்ஸ்போர்ட் கம்பெனி என்கிறீர்கள். பெரும்பாலும் கேன்டீன் பக்கத்தில் பையரின் (துணியை வாங்குகிற கம்பெனியின்) விதிகளைத் தமிழில் ஒட்டியிருப்பார்கள், போனால் படியுங்கள். நிறைய வெளிநாட்டு பிராண்டுகள் வைத்துக் கேட்கிற இ.டி.ஐ. (எதிகல் டிரேடிங் இனிஷியேடிவ்) என்ற அமைப்பின் அடிப்படை விதிகளில் ஒன்பதாவது இதுதான்: அடிப்பது, மிரட்டுவது, பாலியல் தொல்லை, வாயால் திட்டுவது எல்லாமே தடை. சுவரில் இதை ஒட்டிவிட்டு, உள்ளே திட்டத் தெரிந்தவனைத் தேடி ஆள் எடுப்பது எனக்கு வயிறு எரிகிறது.

சட்டமும் இருக்கிறது. நம் பக்கத்துக் கெட்ட வார்த்தைகளில் முக்கால்வாசி பெண்ணின் உடம்பைப் பற்றியதுதான். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டத்தில் பாலியல் சாயல் உள்ள பேச்சும் குற்றக் கணக்கில் வருகிறது. 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். புகார் கொடுக்கும் பெண் அந்தக் கம்பெனியில் வேலையில் இருக்க வேண்டும் என்றுகூடச் சட்டம் சொல்லவில்லை, இன்டர்வியூவுக்கு வந்தவளும் கொடுக்கலாம். நாளைக்கு மேனேஜர் பேச்சைக் கேட்டு நீங்கள் திட்டி, ஒரு பெண் எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதத்தில் உங்கள் பெயர்தான் இருக்கும்.

அப்புறம், திட்டினால் லைன் ஓடும் என்பது. நான் பார்த்தவரை லைன் நிற்பதற்குக் காரணம் கட்டிங் வராதது, லேபிள் வராதது, நூல் கலர் மாறியது, ஊசி ஒடிந்து மெக்கானிக் வராதது. டைலரைத் திட்டினால் லேபிள் வந்துவிடுமா? சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு அவள் திங்கட்கிழமை எதிர் கம்பெனியில் உட்கார்ந்திருப்பாள். "டைலர் தேவை" போர்டைக் கழற்றவே கழற்றாத கேட் எத்தனை இருக்கிறது இந்த ஊரில். ஒடிசா, பீகார் பிள்ளைகள் வந்த பிறகும் இதே கதைதான். நம் சூப்பர்வைசர்கள் பலர் முதலில் கற்றுக்கொண்ட இந்தியே திட்டுகிற இந்தி. "ஊசியை மாத்து" என்று சொல்ல இன்னும் வராது. அந்தப் பிள்ளைகள் ராத்திரி ஹாஸ்டலுக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டு என்ன சொல்லும்?

திண்டுக்கல் பக்கம் 2022-இல் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கமும் கம்பெனியும் பையரும் கையெழுத்துப் போட்டது. லைனில் வேலை செய்கிற பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, தொந்தரவைக் கவனித்துச் சொல்லும் பொறுப்பை அவர்களிடம் விட்டார்கள். நம் ஊரிலும் அது வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

டைலர் லேட்டாக வந்தால் என்ன செய்வாய் என்று நாங்களும் கேட்போம். கேட்க வேண்டிய கேள்விதான். பண்டலை மாற்றி விடுவேன் என்றீர்களே, அந்தப் பதிலுக்கு நான் அங்கேயே கை கொடுத்திருப்பேன்.

திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் ஷிப்ட் விடும் நேரத்தில் அந்தக் கேட் பக்கத்து பேக்கரியில் போய் டீ குடியுங்கள். வெளியே வரும் டைலர்களிடம் கேளுங்கள், பெண்களிடமும் கேளுங்கள். அப்பா சொல்வதைவிட, நான் சொல்வதைவிட அது சரியாக இருக்கும்.

பீளமேட்டுப் பட்டறை:

நான் கோயமுத்தூரில் பவுண்டரியில் இருக்கிறேன். இரும்பு ஊற்றும்போது "நகருடா" என்று கத்துவோம், கத்தாவிட்டால் கால் வெந்துவிடும். அந்தச் சத்தத்தை யாரும் தப்பாக எடுப்பதில்லை. தாயை இழுப்பது அந்தக் கணக்கில் சேராது. அக்கா சொல்வதைக் கேளுங்கள்.

கீழ்பவானிக்காரன்:

போய்ப் பார்த்தேனுங்க அக்கா. கேட்ட பெண்களில் ஒருத்தரும் அந்த மேனேஜரைப் பற்றி வாயே திறக்கவில்லை. கைமடிப் பொண்ணு ஒன்று மட்டும், "அண்ணா, நீங்க வேற இடம் பாருங்க" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டது. வரவில்லை என்று ஹெச்.ஆர். மேடத்துக்கு மெயில் போட்டுவிட்டேன். வியாழக்கிழமை பெருந்துறை சிப்காட்டில் வேறு ஒரு இன்டர்வியூ. அந்த வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டால் நடந்ததைச் சொல்லலாமா?

ஓவர்லாக் அக்கா:

நீங்களாகச் சொல்ல வேண்டாம். கேட்டால் மட்டும், கம்பெனி பெயரைச் சொல்லாமல், "டைலர்களைத் திட்டி வேலை வாங்கச் சொன்னார்கள், எனக்கு அது ஒத்துவராது" என்று முடித்துக்கொள்ளுங்கள். "என்ன வார்த்தை சொன்னார்?" என்று கிளறினாலும் அந்த வார்த்தையை உங்கள் வாயால் சொல்லாதீர்கள். "வீட்டுப் பெண்களை இழுத்துப் பேசினார்" என்றால் போதும், புரியாதவர் யாரும் இல்லை. கடைசியில் உங்களைக் கேள்வி கேட்கச் சொல்வார்கள். அப்போது, "உங்கள் கம்பெனியில் உள்புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். சட்டென்று பதில் வருகிறதா என்று பாருங்கள். சர்டிபிகேட் ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள், ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள் தம்பி.