முதலாண்டு மாணவர்களுக்குத் திறனாய்வுக் கோட்பாட்டை எங்கிருந்து தொடங்குவது?

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் இளங்கலைத் தமிழ் முதலாண்டுக்கு இலக்கிய வகைகளும் திறனாய்வும் கற்பிக்கிறேன். தூது, உலா, பள்ளு ஆகியவற்றின் இலக்கணத்தைப் பிழையின்றிச் சொல்லும் மாணவர்கள், கோட்பாடு என்றதும் வரையறையை மனப்பாடமாக எழுதிவிட்டு, அதைக்கொண்டு ஒரு பனுவலைப் படிக்க முடியாமல் நின்றுவிடுகிறார்கள். ஜூன் மாதத்திலிருந்து இதே நிலைதான்.

தொல்காப்பியத்தின் முதல், கரு, உரிப்பொருளிலிருந்து தொடங்கிப் பார்த்தேன். திணையை அடையாளம் காட்டுவதோடு முடிந்தது. பிறகு, உடுக்கடிப் பாட்டாக இவர்கள் கேட்டு வளர்ந்த அண்ணன்மார் கதையை, நாட்டார் கதை ஆய்வாளர் விளாதிமிர் பிராப் 1928இல் ருஷ்ய மாயக்கதைகளுக்கு வகுத்த 31 வினைகளோடு, அதாவது கதையை நகர்த்தும் கதைமாந்தர் செயல்களோடு, பொருத்தச் சொன்னேன். வகுப்பு உயிர்பெற்றது, ஆனால் பொருந்தாத இடங்கள் ஏன் பொருந்தவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை, கோட்பாடு பிறப்பதோ அந்தக் கேள்வியில்தான். அண்ணன்மாரின் தங்கையான தங்காளின் பார்வையில் கதையைத் திரும்பச் சொல்லவைத்தபோது மட்டும் இரண்டு மாணவிகள் விடாமல் வாதிட்டார்கள்.

பனுவலின் உள்ளமைப்பை ஆராயும் அமைப்பியலுக்கு முன்பே பெண்ணிய வாசிப்பைக் கற்பித்தவர்கள், எந்தப் பனுவலைக்கொண்டு தொடங்கினீர்கள்?