அப்பாவின் ஆயுள் மாத்திரை: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரை மாத்திரையோடு, ரத்தம் உறையாமலிருக்க குளோபிடோகிரெலும் சாப்பிடுகிறார். இரண்டு மாதமாக யூடியூப் பார்த்துவிட்டு ஆயுளைக் கூட்டும் என்று விற்கிற என்எம்என், ரெஸ்வெரட்ரால் மாத்திரைகள் இரண்டையும் ஆன்லைனில் வரவழைக்கிறார். பென்ஷனில் பாதி அதற்கே போகிறது.

அதைவிட வருத்தம், காலை நடையை விட்டுவிட்டார். ஐந்தரைக்கே கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புகிற மனிதர். இப்போது ஷூவுக்குள் பல்லி முட்டை கிடக்கிறது. கேட்டால், “அதான் மாத்திரை இருக்கே” என்கிறார்.

எலிக்குப் பலன் தந்ததெல்லாம் மனிதனின் ஆயுளைக் கூட்டும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ரெஸ்வெரட்ராலை நம்பி மருந்து நிறுவனமான கிளாக்ஸோ 2008இல் 72 கோடி டாலருக்கு ஒரு கம்பெனியையே வாங்கியது. 2010இல் அந்த மருந்தைக் கைவிட்டது. இதைச் சொன்னால் என்னைக் கஞ்சன் என்கிறார்!

ரெஸ்வெரட்ராலை குளோபிடோகிரெலோடு சேர்த்தால் ரத்தக்கசிவு வரலாம் என்று படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. கிண்டியில் 2024இல் திறந்த முதியோர் நல மருத்துவமனைக்கு யாராவது போயிருக்கிறீர்களா? புறநோயாளிச் சீட்டு எத்தனை மணிக்குத் தருகிறார்கள்? அப்புறம், இப்படிப் பிடிவாதம் பிடிக்கும் அப்பாவை மறுபடி நடக்க வைத்தவர்கள் இருந்தால், எப்படி என்று சொல்லுங்கள்.