குழாய்த் தண்ணீரில் சாக்கடை வாடை வருவது ஏன்?

கேள்வி (அம்மாப்பேட்டை வாசகர்):
எங்கள் தெருவுக்கு மேட்டூர்த் தண்ணீர் சில நாள் இடைவெளியில்தான் வருகிறது. முதல் சில குடங்கள் கலங்கலாகவும் சாக்கடை வாடையுடனும் இருக்கின்றன, பிறகு தெளிந்துவிடுகிறது. சுத்திகரித்து அனுப்பும் நீர் வழியில் கெடுவது எப்படி?

மறுமொழி (ஓய்வுபெற்ற பொறியாளர்):
ஐயா, பெரும்பாலும் இடைவிட்டு வழங்குவதே காரணம். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை கசிவின் வழியே நீர் வெளியேதான் போகும். வழங்கல் நின்று குழாய் வெறுமையானதும், அல்லது யாரேனும் வீட்டு இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சியதும், அதே கசிவின் வழியே பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. அதனால்தான் குடிநீர்க் குழாயைக் கழிவுநீர்க் குழாய்க்கு மேலாகவும், அதிலிருந்து விலக்கியும் பதிக்கச் சொல்கிறோம். பழைய தெருக்களில் வீட்டு இணைப்புக் குழாய் சாக்கடைக்குள்ளேயே செல்வதுண்டு. முதலில் அதைப் பாருங்கள்.

மறுமொழி (சுகாதாரப் பணியாளர்):
கிருமிகளைக் கொல்லக் கலந்த குளோரினில் நீரில் எஞ்சியிருக்கும் அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள். வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். குளோரின் துளியும் இல்லையென்றால் கழிவு கலந்திருக்கலாம். தெளிந்த பிறகும் கொதிக்கவைத்தே குடியுங்கள், குழந்தைகள் இருந்தால் கட்டாயமாக.

மறுமொழி (செவ்வாய்ப்பேட்டை வாசகர்):
பாதாளச் சாக்கடை அடைத்திருந்தால் அடைப்பெடுக்கும் இயந்திரம் வரும்வரை பொறுத்திருங்கள். பாதுகாப்புக் கருவிகள் இன்றிச் சாக்கடைக் குழிக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உள்ளிருக்கும் நச்சுவாயு நொடியில் உயிரைப் பறிக்கும்.