கோஸ்டுக்கு லாஸ்ட் சேராது: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ராத்திரி

எங்கள் பாம்பன் வீட்டுக் குழுவில் நடந்த பேச்சு இது. பெயர்களை எடுத்துவிட்டு, என் போனில் இருக்கும் உறவுமுறைகளை மட்டும் விட்டிருக்கிறேன். நடுநடுவே வந்த ரோஜாப்பூப் படங்களையும் நீக்கியாயிற்று. இதில் வரும் ‘நான்’ ராமநாதபுரத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவள்.

சித்தி (மண்டபம்): எல்லாரும் சாப்பிட்டாயிற்றா? ஒரு உதவி வேண்டும். சின்னவனுக்கு லீவு வீட்டுப்பாடம். வீட்டிலும் கடற்கரையிலும் பார்ப்பவற்றில் பத்து இங்கிலீஷ் வார்த்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ரைமிங் வார்த்தை கண்டுபிடித்து, அர்த்தமும் எழுத வேண்டுமாம்.

நான்: இதுவரை எழுதியதை அனுப்பச் சொல்லுங்கள் சித்தி.

சின்னவன் (சித்தி போனில்): போட் - கோட். கோஸ்ட் - லாஸ்ட். பேக் - பேக். விண்ட் - ஃபைண்ட். ஃபிஷிங் - ரன்னிங். நெட் - டெட். மீதி நாலு வரவில்லை அக்கா.

அத்தை (தங்கச்சிமடம்): பேக்குக்கு பேக்கா? அதையே திருப்பி எழுதினால் எந்த டீச்சர் மார்க் போடுவார்?

சின்னவன்: ஒன்று ஸ்கூல் பேக் அத்தை. இன்னொன்று முதுகு.

அண்ணன் (விசைப்படகு): முதலில் அந்தக் கோட் எது? மழைக்கு மாட்டும் கோட்டா, கருவேலங்காட்டில் மேயும் கோட்டா?

பெரியப்பா (பாம்பன்): மருமகன் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் இருக்கிறான் என்பது குழுவுக்கே தெரிந்துவிட்டது.

அண்ணன்: என்னை மகன் என்று சொல்லுங்கள் பெரியப்பா, அத்தைக்குத்தான் நான் மருமகன். ஜூன் 14 வரை கடல் கிடையாது. 61 நாளும் வலை பின்னிக்கொண்டே இருக்க முடியுமா? கொஞ்சம் இங்கிலீஷும் பின்னுவோம்.

நான்: இரண்டு கோட்டும் சரிதான். ஒன்று மேலங்கி, ஒன்று வெள்ளாடு. சின்னவா, கேட்டுக்கொள். வார்த்தையில் அழுத்திச் சொல்லும் கடைசி உயிரோசை எதுவோ, அதிலிருந்து முடிவு வரைக்கும் ஒரே ஓசை வர வேண்டும். அதற்கு முன்னால் நிற்கும் மெய் மாற வேண்டும். போட்டில் ‘ஓட்’ பொது. முன்னால் பி வந்தால் படகு, ஜி வந்தால் ஆடு. அவ்வளவுதான் விதி.

நான்: இந்த விதியில்தான் உன் பேக் உதைக்கிறது. முதுகு என்பது ‘கே’ ஓசையில் முடிகிறது, பை ‘ஜி’யில் முடிகிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே க் போடுவதால் நம் காதுக்கு ஒன்றாகத் தோன்றும். இங்கிலீஷ்காரன் காதில் அவை ரைம் ஆகாது.

சித்தி: எனக்கும் ஒன்றாகத்தானே கேட்கிறது?

நான்: பை என்று சொல்லும்போது நடுவில் உள்ள உயிரைக் கொஞ்சம் இழுத்து, முடிவில் தொண்டை அதிர விடுங்கள். முதுகு என்று சொல்லும்போது சட்டென்று வெட்டுங்கள். ஒலிச்செய்தி அனுப்புகிறேன், சின்னவனும் கேட்கட்டும்.

நான்: ஒலிச்செய்தி 0:18

அத்தை: மருமகளே, ஆடு கனைப்பது மாதிரி இருக்கிறது. ஆனால் வித்தியாசம் தெரிகிறது.

நான்: பைக்கு ஜோடி ஃப்ளாக், கொடி. ராக், கந்தல் துணி. ட்ராக், தரையோடு இழுப்பது, கரைவலை இழுக்கிற மாதிரி. முதுகுக்கு ஜோடி ப்ளாக், கறுப்பு.

அண்ணன்: அப்படியானால் மீன் விலைக்குச் சொல்கிற ப்ரைஸும் பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற ப்ரைஸும்?

நான்: நல்ல கேள்வி அண்ணே. விலை என்பது ‘ஸ்’ என்று காற்றாக முடியும், சோற்றுக்குச் சொல்லும் ரைஸோடு சேரும். பரிசு ஈ ரீங்காரமிடுவது போல முடியும், எழுவது என்ற ரைஸோடு சேரும். இங்கேயும் தமிழ் எழுத்து நமக்கு உதவாது.

பெரியப்பா: இது நம் இயைபு போல இருக்கிறது. அடியின் கடைசியில் ஓசை ஒத்து வந்தால் இயைபு, முதல் எழுத்து ஒத்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்தால் எதுகை. நாம் அடியின் தலையில் வைத்து அழகு பார்த்ததை அவன் வாலில் வைத்திருக்கிறான்.

நான்: சரிதான் பெரியப்பா. ஆனால் நமக்கு ஒரு வசதி. எதுகையை ஏட்டில் கண்ணாலேயே பிடித்துவிடலாம். இங்கிலீஷில் கண்ணை நம்பினால் மோசம். கோஸ்ட் - லாஸ்ட் அப்படித்தான் வந்தது. கடைசி எழுத்துகள் ஒத்துப்போகின்றனவே என்று எழுதியிருக்கிறான். கடற்கரை என்கிற கோஸ்ட் நீளமான ‘ஓ’. லாஸ்ட், காஸ்ட், ஃப்ராஸ்ட் எல்லாம் குட்டையான வேறு உயிர். தொலைந்தது, விலை, உறைபனி.

சின்னவன்: அப்போது கோஸ்டுக்கு என்ன அக்கா?

நான்: டோஸ்ட், ரோஸ்ட், போஸ்ட், மோஸ்ட், விருந்து கொடுப்பவர் என்கிற ஹோஸ்ட். அப்புறம் பேய்.

அத்தை: பேயா?

நான்: பேய்க்கு இங்கிலீஷில் கோஸ்ட். கடற்கரை கே ஓசையில் தொடங்கும், பேய் ஜியில் தொடங்கும்.

அண்ணன்: தனுஷ்கோடியைக் கோஸ்ட் டவுன் என்று டூரிஸ்ட்காரர்கள் சொல்வது அதுதானா? கடற்கரை ஊர் என்று சொல்கிறார்கள் என்றல்லவா நினைத்தேன்.

பெரியப்பா: 1964 டிசம்பர் புயலுக்கு முன்னால் அது கடற்கரை ஊர்தான். ரயிலும் கப்பலும் வந்து போன ஊர்.

சித்தி: கோஸ்ட் - கோஸ்ட் என்றே எழுதச் சொல்லிவிட்டேன். அவன் இப்போதே பேய்ப் படம் வரைய ஆரம்பித்துவிட்டான்.

சித்தப்பா (கத்தார்): நான் இப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்தேன். என் மகன் ஏன் பேய் வரைகிறான்?

சித்தி: மேலே போய்ப் படியுங்கள்.

சித்தப்பா: படித்துவிட்டேன். எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பேய் வார்த்தையில் ஜிக்குப் பக்கத்தில் ஹெச் எதற்கு? யாரும் அதைச் சொல்வதில்லையே.

நான்: அதற்கு ஒரு கதை இருக்கிறது சித்தப்பா. இங்கிலாந்துக்கு 1476-ல் அச்சகம் கொண்டுவந்தவர் வில்லியம் காக்ஸ்டன். அதற்கு முன் பெல்ஜியம் பக்கம் ப்ரூஜ் நகரத்தில் தொழில் பார்த்தவர். அங்குள்ள ஃப்ளெமிஷ் மொழியில் பேயை ஹெச் போட்டு எழுதுவார்கள். அந்தப் பழக்கத்தில் இவர் அச்சகத்திலும் ஹெச் ஏறிவிட்டது என்பது அகராதிக்காரர்கள் சொல்லும் விளக்கம். ஏறியது பிறகு இறங்கவே இல்லை.

அண்ணன்: ஒரு அச்சுக்கோப்பவர் கைவேலையால் நம் சின்னவன் ஸ்பெல்லிங்கில் அடி வாங்குகிறான்.

நான்: அவரை மட்டும் சொல்ல முடியாது. சுமார் 1400 முதல் 1700 வரை இங்கிலீஷில் நெட்டுயிர் ஓசைகள் எல்லாம் இடம் பெயர்ந்துகொண்டே இருந்தன. அந்தச் சமயத்தில்தான் அச்சு வந்து ஸ்பெல்லிங் உறையத் தொடங்கியது. வாய் நகர்ந்துவிட்டது, எழுத்து நின்றுவிட்டது.

நான்: இதில் பெரிய கூத்து ஓ-யூ-ஜி-ஹெச் என்று முடியும் கூட்டம். இருமலுக்குக் காஃப், அது ஆஃபோடு சேரும். சொரசொரப்புக்கு ரஃப், அது ஸ்டஃபோடு. ஊடே என்பதற்கு த்ரூ, அது ப்ளூவோடு. என்றாலும் என்பதற்கு தோ, அது கோவோடு. மரக்கிளைக்கு பௌ, அது பசுமாட்டுக் கௌவோடு. எழுத்து ஒன்று, ஓசை ஐந்து. ஒரு காலத்தில் அந்த ஜி-ஹெச் நம் ஆய்தம் மாதிரி தொண்டையில் உரசி வந்த ஓசை. பிறகு சில இடத்தில் செத்துப்போனது, சில இடத்தில் ஃப் ஆனது.

சின்னவன்: அக்கா டெட் என்றால் செத்தது தானே. நெட் - டெட் சரியா?

நான்: நீ எந்த டெட்டை எழுதினாய்? செத்தது என்றால் ‘டி’ முனகலோடு முடியும், பெட், ஹெட், ரெட் கூட்டம். சொன்னான் என்கிற செட்டும் அதில்தான், ஏ-ஐ போட்டு எழுதினாலும். வலை என்கிற நெட் முனகாமல் சட்டென்று முடியும், அதற்கு இது சேராது. ஆனால் வலைக்குச் சேருகிற டெட் ஒன்று இருக்கிறது. டி-இ-பி-டி. பி பேசாது. அர்த்தம் கடன்.

அண்ணன்: வலைக்குச் சேருவது கடன்! இதை நான் உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் தங்கச்சி.

அத்தை: போன வருஷம் வாங்கிய வலைக்கு இன்னும் தவணை போகிறது. இதுவல்லவா அர்த்தத்தோடு படிப்பது.

பெரியப்பா: பேசாத பி எதற்கு வந்தது?

நான்: பழைய இங்கிலீஷ்காரர்கள் பி இல்லாமல்தான் எழுதினார்கள். 16-ம் நூற்றாண்டு வாக்கில் படித்தவர்கள் லத்தீன் மூலத்தில் பி இருக்கிறது என்று கொண்டுவந்து சொருகினார்கள். வாய் அதைச் சட்டைசெய்யவில்லை.

சித்தி: விண்ட் - ஃபைண்ட் பார்க்கவில்லையே?

நான்: அடிக்கிற காற்று என்றால் விண்ட், ஃபைண்டோடு சேராது. கயிற்றைச் சுற்றுவது என்றால் அதே எழுத்து, வைண்ட் என்று வாசிக்க வேண்டும். அது ஃபைண்ட், மைண்ட், கைண்டோடு நன்றாகச் சேரும். ஆகவே சின்னவா, அர்த்தத்தில் காற்று என்று எழுதாமல் கயிறு சுற்றுதல் என்று எழுது. வார்த்தையை அழிக்கவே வேண்டாம்.

நான்: அண்ணே, உனக்கு ஒன்று. படகின் அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, இங்கிலீஷில் எப்படிச் சொல்வாய்? பி-ஓ-டபிள்யூ.

அண்ணன்: போ.

நான்: போ என்றால் வில். அணியம் என்றால் பௌ, கௌவோடு சேரும். துடுப்பு வலிப்பது ரோ, அதே எழுத்தில் ரௌ என்றால் சண்டை. அர்த்தம் தெரியாமல் ரைம் தேட முடியாது என்பது இங்கேதான். ஓசையை முடிவு செய்வதே அர்த்தம்.

சித்தப்பா: இதற்கு ஏதாவது குறுக்கு வழி இல்லையா? போனில் தட்டினால் வராதா?

நான்: வரும். ரைம் தேடித் தரும் தளங்கள் இருக்கின்றன. ஆனால் நூறு வார்த்தையைக் கொட்டிவிடும், பாதி அவனுக்குப் புரியாது. கையால் செய்வது சுவாரசியம். ‘ஓட்’ என்ற வாலைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏ, பி, சி, டி என்று ஒவ்வொரு ஓசையாக வைத்துப் பார்க்க வேண்டும். டோட், அளவுக்கு மீறிச் செல்லம் கொடுப்பது. ஃபோட், அப்படி ஒன்று இல்லை, தள்ளிவிடு. மோட், அகழி, வேலூர்க் கோட்டையைச் சுற்றி இருப்பது. நோட். ரோட், அர்த்தம் தெரியாமல் உருப்போடுவது. வோட்.

நான்: ஒற்றை ஓசை தீர்ந்தால் இரட்டை. ஃப்ளோட், மிதப்பது. த்ரோட், தொண்டை. ப்ளோட், உப்பிப்போவது. க்ளோட், அடுத்தவன் வலை கிழிந்ததைப் பார்த்து மனசுக்குள் சிரிப்பது.

அத்தை: அதற்கு ஒரு தனி வார்த்தையே வைத்திருக்கிறார்களா?

அண்ணன்: நம் படகுத்துறையில் அது தினமும் பயன்படும்.

பெரியப்பா: அகராதியில் தேடக்கூடாதா என்று சின்னவன் கேட்டால் சொல்லுங்கள், சாதாரண அகராதி தலைப்பக்கத்து எழுத்து வரிசையில் இருக்கும், வாலைப் பிடித்துத் தேட முடியாது. இந்தச் சிரமத்தை வீரமாமுனிவர் எப்போதோ யோசித்துவிட்டார். 1732-ல் அவர் செய்த சதுரகராதியில் நான்கு பகுதி: பெயர், பொருள், தொகை, தொடை. தொடை என்பது எதுகைச் சொற்களை ஒன்றாகச் சேர்த்து வைத்த பகுதி. பாட்டுக் கட்டுகிறவனுக்காகச் செய்தது.

நான்: இங்கிலீஷில் ஜான் வாக்கர் என்பவர் சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்கி அகராதி போட்டது 1775-ல். நம்முடையது 43 வருஷம் மூத்தது பெரியப்பா.

பெரியப்பா: அதுவும் இத்தாலியிலிருந்து வந்து தமிழ் படித்தவர் செய்தது. நம் ஆட்களே பாதிப் பேர் அதைத் திறந்து பார்த்ததில்லை.

சித்தி: மணி ஒன்பதரை. மீதி நாலுக்கு வாருங்கள். ஃபிஷிங் - ரன்னிங்கும் தப்பா?

நான்: தப்பு. இரண்டிலும் ‘இங்’ இருக்கிறது, ஆனால் அழுத்தம் அதற்கு முன்னால் விழுகிறது. ஃபிஷிங்குக்கு விஷிங், விரும்புவது. ரன்னிங்குக்குக் கன்னிங், தந்திரம்.

சின்னவன்: ஓஷனுக்கு மோஷன் வருமா?

அத்தை: கடலுக்குப் போய் மோஷனா? அர்த்தத்தை எப்படி எழுதுவாய்?

நான்: அருமையாக வரும் அத்தை. மோஷன் என்றால் அசைவு. நாம்தான் அதை வயிற்றுப்போக்கோடு நிறுத்திவிட்டோம். ஸ்பெல்லிங் சி-இ-ஏ-என், டி-ஐ-ஓ-என் என்று வேறுவேறு, ஓசை ஒன்று. லோஷனும் சேரும். சின்னவா, இதை உன் தாளில் முதலாவதாக எழுது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் காதால் கண்டுபிடித்தது.

சித்தப்பா: அந்தக் கணக்கில் ஸ்டேஷனுக்கு ரேஷன் கடை ரேஷன்?

நான்: நம் ஊர் உச்சரிப்பில் சேரும். பிரிட்டிஷ் உச்சரிப்பில் அது ராஷன், ஃபாஷனோடு சேரும். அமெரிக்காவில் இரண்டும் உண்டு. டீச்சர் எந்தக் கட்சி என்று தெரியாததால் விட்டுவிடலாம்.

அண்ணன்: இறாலுக்கு ப்ரான். நான் சொல்கிறேன், டான், யான். விடியல், கொட்டாவி. ராத்திரி பாடு போய்விட்டு வருகிறவனுக்கு மூன்றும் ஒன்றாகத்தான் வரும்.

நான்: முழு மார்க் அண்ணே.

சின்னவன்: ஸாண்ட் - ஹாண்ட். மணல், கை. அக்கா, டபிள்யூ-ஏ-என்-டி?

நான்: மந்திரக்கோல். எழுத்தைப் பார்த்து ஏமாறாதே, அது பாண்ட், குளம் என்பதோடு போகும். ஹாண்ட் போதும். இன்னும் ஒன்றுதான்.

பெரியப்பா: வாலிநோக்கத்தில் விளைவது?

சின்னவன்: சால்ட்! சால்ட் - ஹால்ட். நிறுத்தம்.

அண்ணன்: ஃபால்ட்டும் போடு. இன்ஜினில் வந்தால் குறை, என் தலையில் வந்தால் குற்றம்.

சித்தி: பத்தும் முடிந்தது. அர்த்தம் எழுதிக்கொண்டிருக்கிறான். கடைசியில் ஒரு வாக்கியம் எழுத வேண்டுமாம், இதோ அவனே அனுப்புகிறான்.

சின்னவன்: எ கோஸ்ட் ஆன் தி கோஸ்ட் ஏட் டோஸ்ட்.

அத்தை: கடற்கரைப் பேய் டோஸ்ட் தின்றது. சரி, தங்கச்சிமடத்துப் பேயாக இருந்தால் பரோட்டா கேட்டிருக்கும்.

பெரியப்பா: தமிழில் எழுதினால் ‘ஒரு கோஸ்ட் கோஸ்டில்’ என்று வருகிறது. எது எது என்று டீச்சர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

நான்: அவன் இங்கிலீஷில்தான் எழுதுவான் பெரியப்பா. ஹெச் மட்டும் மறக்காமல் போடச் சொல்லுங்கள் சித்தி.