அப்பா மேல் கார் மோதி தலையில் தையல், இப்போது வாந்தி: காலைவரை பொறுக்கலாமா?

செஞ்சிக்காரன் (இரவு 9.05)

வணக்கம். அவசரம், சுருக்கமாகச் சொல்கிறேன். இன்று மாலை ஐந்தரை மணி வாக்கில் செஞ்சி – திண்டிவனம் சாலையில் அப்பா எக்ஸெல் வண்டியில் வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த கார் தட்டிவிட்டது. வயது 63. ஹெல்மெட் போடவில்லை. பின்மண்டையில் காயம், இடது முழங்கையில் சிராய்ப்பு. கொஞ்ச நேரம் நினைவில்லாமல் கிடந்தார் என்று அங்கே இருந்த டீக்கடைக்காரர் சொன்னார். தூக்கி உட்காரவைத்து, முகத்தில் தண்ணீர் அடித்து, சோடா கொடுத்திருக்கிறார்கள். கார்காரரே பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். நாலு தையல், டி.டி. ஊசி, வலி மாத்திரை.

வீட்டுக்கு வந்தபோது நன்றாகத்தான் பேசினார், காபி குடித்தார். இப்போது ஒரு வாந்தி. தலை வலிக்கிறது, தூக்கம் வருகிறது என்கிறார்.

இன்னொரு விஷயம். கார்காரர் 15,000 தருகிறாராம், போலீஸ் கேஸ் வேண்டாமாம். காலையில் வந்து ஒரு பேப்பரில் கையெழுத்து கேட்பார். நல்ல மாதிரியாகத்தான் பேசுகிறார். அப்பா வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிந்து பல மாதம் ஆகிறது. கேஸ் என்று போனால் நம் மேலேயே திரும்புமோ என்று பயமாக இருக்கிறது. வாங்கிக்கொண்டு விட்டுவிடலாமா? ஆஸ்பத்திரிக்குக் காலையில் போனால் போதுமா?

வயல்வரப்பு (9.11)

ஒரு வாந்திதானே, அடிபட்ட பயத்தில் வருவது. மோர் கொடுத்துப் படுக்கவையுங்கள், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். இந்த நேரத்தில் ஜி.எச். போனால் விடிய விடிய பெஞ்சில் உட்கார வேண்டியதுதான்.

நைட்டூட்டி அக்கா (9.14)

மோரும் வேண்டாம், தூக்கமும் வேண்டாம். தம்பி, இதைப் படித்தவுடன் 108-ஐக் கூப்பிடுங்கள். அவசரப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன், அதனால் அடித்துச் சொல்கிறேன்.

தலையில் அடி, நடுவில் நினைவு தப்பியது, இப்போது வாந்தி, தலைவலி, மயங்கி மயங்கி வரும் தூக்கம். இதில் ஒன்று இருந்தாலே சி.டி. ஸ்கேன் பார்க்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு அத்தனையும் இருக்கிறது. மண்டைக்குள் ரத்தம் கசிந்தால் உடனே ஆளைச் சாய்க்காது. சில மணி நேரம் நன்றாகப் பேசுவார், நடப்பார், சாப்பாடு கேட்பார். கசிவு பெருகி மூளையை அழுத்தத் தொடங்கியதும்தான் தூக்கம் வரும். வீட்டில் அசதி என்று நினைத்துப் போர்த்திவிடுவார்கள். காலையில் எழுப்பினால் எழுந்திருக்க மாட்டார். தையல் போட்டது தோலுக்கு மட்டும்தான், உள்ளே என்ன ஆனது என்று அந்த கிளினிக்கில் யாரும் பார்க்கவில்லை.

ஒரு கேள்வி: நெஞ்சுக்கோ பக்கவாதத்துக்கோ ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா?

செஞ்சிக்காரன் (9.17)

ஆமாம் அக்கா. இதய ரத்தக்குழாய் அடைக்காமல் இருக்க ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் தினமும் போடுகிறார். 108-க்குச் சொல்லிவிட்டோம், வந்துகொண்டிருக்கிறது.

நைட்டூட்டி அக்கா (9.19)

அப்படியென்றால் இன்னும் கவனம். அந்த மாத்திரையால் கசிவு சட்டென்று நிற்காது. மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், டாக்டரைப் பார்த்ததும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். இன்று இரவுக்கான டோஸை அவர்கள் சொல்லாமல் கொடுக்காதீர்கள். வலி மாத்திரையும் இனி வேண்டாம். வாயில் தண்ணீர்கூட வேண்டாம், ஆபரேஷன் தேவைப்பட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டும்.

வண்டி வரும்வரை படுக்கவைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். மறுபடி வாந்தி வந்தால் தலையை மட்டும் திருப்பாமல் உடம்பு மொத்தத்தையும் ஒரே வாக்கில் பக்கவாட்டில் உருட்டுங்கள். டார்ச் அடித்து இரண்டு கண்மணியும் ஒரே அளவா என்று பாருங்கள். காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல, இல்லை ரத்தம் கலந்து வடிந்தால் பஞ்சு வைத்து அடைக்காதீர்கள், அப்படியே வடியட்டும், டாக்டரிடம் சொல்லுங்கள். வலிப்பு வந்தால் கையில் சாவி திணிக்க வேண்டாம், பக்கத்தில் இடிக்கிற பொருட்களை நகர்த்தினால் போதும்.

விழுப்புரம் பக்கம் முண்டியம்பாக்கம் அரசு மெடிக்கல் காலேஜுக்குக் கேளுங்கள். சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கிருந்து அனுப்பிவைத்தால் அந்த நேரம் வீண்.

கோர்ட்வாசல் (9.31)

அக்கா சொன்னதற்கு மேல் வைத்தியத்தில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. விபத்து வழக்குகள் பார்க்கும் வக்கீல் நான். ஆம்புலன்ஸில் போகும்போது படிக்க ஒரே ஒரு விஷயம்:

அவசரப் பிரிவில் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். என்பார்கள். போலீஸ் தொல்லை வேண்டாம் என்று நம் ஆட்கள் அங்கே "வண்டியிலிருந்து வழுக்கி விழுந்துட்டார்" என்று சொல்லிவிடுவது வழக்கம். அந்த ஒரு வரிதான் பிற்பாடு இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் தூக்கிக் காட்டும் முதல் ஆயுதம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: இன்ன சாலை, இன்ன நேரம், பின்னால் வந்த கார் மோதியது, நம்பர் இது. நம்பர் இருக்கிறதா?

செஞ்சிக்காரன் (9.50)

வண்டியில் இருக்கிறோம் சார். கார் நம்பர் போட்டோ என் மச்சானிடம் இருக்கிறது. ஆனால் கிளினிக் சீட்டில் "பைக்கிலிருந்து விழுந்தார்" என்றுதான் எழுதியிருக்கிறது. கூட்டிப்போனது கார்காரர், அவர்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

கோர்ட்வாசல் (9.54)

பார்த்தீர்களா. பரவாயில்லை, அந்தச் சீட்டைக் கிழிக்காதீர்கள், திருத்தாதீர்கள். யார் கூட்டிப்போனார், யார் சொல்லி எழுதினார்கள் என்பதைப் புகாரிலேயே சேர்த்துக்கொள்ளலாம். இப்போது ஏ.ஆர். சரியாக ஏறினால் போதும்.

பணம், பேப்பர் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இன்று இரவு எதிலும் கையெழுத்து இல்லை, அவ்வளவுதான்.

சைரன் (10.20)

108-ல் இ.எம்.டி.யாக, அதாவது ஆம்புலன்ஸில் முதலுதவி செய்பவராக, வேலை பார்த்தவன் நான். தம்பி ஆஸ்பத்திரி போய்ச் சேரட்டும், மற்றவர்களுக்காக இது. அப்பா விழுந்த இடத்தில் நடந்ததைப் படித்தபோதே எனக்குப் பகீர் என்றது. உதவி செய்தவர்கள் நல்ல மனதோடுதான் செய்தார்கள், ஆனால் நம்மூரில் ரோட்டில் ஒருவர் விழுந்தால் நடக்கும் மூன்றும் வரிசையாக நடந்திருக்கிறது: தூக்கி உட்காரவைப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது, சோடா ஊற்றுவது. நினைவு தெளியாதவர் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குப் போகும். கழுத்தெலும்பு விலகியிருந்தால் அக்குளில் கைகொடுத்துத் தூக்கும்போதே தண்டுவடம் போய்விடும்.

முதலில் உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். வளைவில் விழுந்தவரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தின் மேல் அடுத்த லாரி ஏறிய சம்பவங்கள் உண்டு. இரண்டு பேர் இரு பக்கமும் கொஞ்சம் தள்ளி நின்று வண்டிகளை நிறுத்துங்கள், இருட்டாக இருந்தால் செல்போன் டார்ச்சை ஆட்டுங்கள். விழுந்த வண்டியின் சாவியை அணையுங்கள். 108-ல் பேசுபவர் ஒருவராக இருக்கட்டும், ஊர்ப் பெயரோடு பக்கத்து மைல்கல் எண்ணையோ பெட்ரோல் பங்கையோ சொல்லுங்கள். எத்தனை பேர், யாராவது உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறாரா என்றும் சொல்லுங்கள். அவர்கள் வைக்கும்வரை போனை வைக்காதீர்கள்.

தீயோ, மேலே வண்டி ஏறும் ஆபத்தோ இல்லாவிட்டால் ஆளை நகர்த்த வேண்டாம். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம், கண்ணாடியை மட்டும் தூக்கிவிடுங்கள். மூச்சு அடைத்தால் மட்டும்தான் கழற்ற வேண்டும், அப்போதும் ஒருவர் கழுத்தைத் தாங்கிப் பிடிக்க இன்னொருவர் கழற்ற வேண்டும்.

ரத்தம் கொட்டினால் கையில் கிடைக்கும் சுத்தமான துண்டோ வேட்டியோ மடித்து வைத்து அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நொடிக்கொருதரம் எடுத்துப் பார்க்கக் கூடாது. நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம், ஆஸ்பத்திரியில் அதைக் கழுவி எடுப்பதே தனி வேலை. கம்பியோ கண்ணாடியோ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், அதுதான் ரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கும். விரல் துண்டாகிவிட்டால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸில் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக்கூடாது.

வயல்வரப்பு (10.34)

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அண்ணே, ரோட்டில் கை வைத்தால் போலீஸ் நம்மையே ஸ்டேஷனுக்கு இழுக்குமே? அந்தப் பயத்தில்தானே பாதிப் பேர் வேடிக்கை பார்க்கிறான்.

கோர்ட்வாசல் (10.47)

அந்தக் காலம் போய்விட்டது. 2016 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் இதற்கான வழிகாட்டு நெறிகளைக் கட்டாயமாக்கியது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று பிரிவாகச் சேர்த்துவிட்டார்கள். உதவியவர் மேல் வழக்கு கிடையாது, பெயர் விலாசம் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. அவராக விரும்பினால்தான் சாட்சி. டாக்டரும் போலீஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பு வந்தாகிவிட்டது. ஏட்டில் உள்ளது இது. எல்லா ஸ்டேஷனிலும் இப்படியே நடக்கிறது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

செஞ்சிக்காரன் (நள்ளிரவு 12.40)

எல்லோருக்கும் நன்றி. ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே சின்ன ரத்தக்கசிவு இருக்கிறது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், சில மணி நேரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பெரிதாகிறதா என்று பார்ப்பார்களாம். ஐ.சி.யு.வில் இருக்கிறார். மணிக்கொருதரம் எழுப்பி, "இது எந்த ஊர், என் கையை அழுத்துங்க" என்கிறார்கள். மாத்திரைச் சீட்டைப் பார்த்ததும் டாக்டர் முகமே மாறிவிட்டது.

ஏ.ஆர்.இல் கார் நம்பரோடு சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி புறக்காவல் நிலையத்தில் குறித்துக்கொண்டார்கள். "இன்னுயிர் காப்போம்" என்று ஒரு படிவம் கேட்டார்கள், அது என்ன? கார்காரர் மூன்று தடவை போன் செய்துவிட்டார், எடுக்கவில்லை.

கோர்ட்வாசல் (காலை 6.30)

முதல் கண்டம் தாண்டியது, சந்தோஷம். மூன்றையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னுயிர் காப்போம் என்பது 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தமிழக அரசு தொடங்கிய திட்டம். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்ட யாருக்கும், எந்த மாநிலத்தவர் ஆனாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை தேவையில்லை. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் உண்டு, எனவே எங்கேயாவது மாற்றும்படி ஆனால் வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

போலீஸ். விபத்து நடந்த எல்லைக்கு உட்பட்ட ஸ்டேஷனில் இன்றே எழுத்துப் புகார் கொடுங்கள். புகார் வந்தது என்று மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்தி அடையாமல் எஃப்.ஐ.ஆர். நகல் கேளுங்கள், புகார் கொடுத்தவருக்கு அது இலவசம். டீக்கடையிலோ எதிரே எங்காவதோ கேமரா இருந்தால் புகாரில் எழுதுங்கள், பல கேமராக்களில் சில நாளில் பழைய பதிவு அழிந்துவிடும். எக்ஸெல்லை மெக்கானிக்கிடம் விடாதீர்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்த்துச் சான்று தரும்வரை உடைந்தது உடைந்தபடி இருக்கட்டும், நீங்களும் நாலு பக்கமும் படம் எடுத்துவையுங்கள்.

கார்காரர். காயம்பட்டவருக்கு வைத்தியம் கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்வதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவின்படி அவர் கடமை. முதலாவதை அரைகுறையாகச் செய்தார், இரண்டாவதைத் தவிர்க்கத்தான் 15,000. அவர் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு இருந்தால் இழப்பீட்டைக் கொடுக்கப்போவது கம்பெனி, அவர் கைக்காசு அல்ல. போனை எடுத்து இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள், பாதிப் பேர் இது தெரியாமல்தான் பயப்படுகிறார்கள். செலவுக்கு மனமுவந்து கொடுத்தால் ஜிபேயில் வாங்கிக்கொள்ளலாம், பதிவாக இருக்கும். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற பேப்பரில் மட்டும் கை வைக்காதீர்கள். தலைக்காயத்தின் முழுச் செலவு இன்றைக்கு யாருக்கும் தெரியாது.

உங்கள் வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லாதது தனிக் கணக்கு, அபராதம் வரலாம். அதனால் அப்பாவின் உரிமை போகாது. ஹெல்மெட் போடாததைக் காட்டித் தொகையில் ஒரு பங்கைக் குறைக்கச் சொல்வார்கள், அதை அங்கே வாதாடிக்கொள்ளலாம். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட விபத்து நாளிலிருந்து 6 மாதம் என்று சட்டம் வைத்திருக்கிறது, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

செஞ்சிக்காரன் (மதியம் 1.15)

இரண்டாவது ஸ்கேனில் கசிவு பெரிதாகவில்லை. இட்லி கேட்கிறார், இன்னும் கொடுக்கவில்லை. மச்சான் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டார். டீக்கடைக்காரர் கோர்ட்டுக்கு அலைய விடுவார்களோ என்று முதலில் இழுத்தார், சட்டத்தைச் சொன்னதும் வந்து சொல்கிறேன் என்றார். கார்காரரிடமும் பேசினேன், இன்சூரன்ஸ் பேப்பரை வாட்ஸப்பில் அனுப்பினார். டிஸ்சார்ஜ் ஆகும்போது என்னென்ன வாங்க வேண்டும்?

நைட்டூட்டி அக்கா (2.05)

டிஸ்சார்ஜ் சம்மரி, இரண்டு ஸ்கேனின் ரிப்போர்ட்டும் ஃபிலிமும். ரத்தம் கட்டாத மாத்திரையை எப்போது மறுபடி தொடங்குவது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நிறுத்தியபடியே விட்டால் ஸ்டென்ட் அடைக்கும், நீங்களாகத் தொடங்கினால் தலையில் கசியும். இதய டாக்டரிடமும் அதைக் காட்டுங்கள். வீட்டுக்குப் போன பிறகு தலைவலி கூடினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் சில வாரம் கழித்தானாலும் திரும்பக் கூட்டிவாருங்கள்.

கோர்ட்வாசல் (2.20)

அதோடு ஏ.ஆர். நகல், காயச் சான்றிதழ். இவை போலீஸ் வழியாகத்தான் வரும் என்பார்கள், ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டே இருங்கள். வெளியே வாங்கும் மருந்து, ஆட்டோ, கூட இருப்பவர் சாப்பாடு வரை பில் கிடைப்பதையெல்லாம் ஒரு கவரில் போட்டுவையுங்கள். அந்த கிளினிக் சீட்டும் அதே கவரில்.