மில்டூராவில் திராட்சை பார்க்க எந்த மாதம் போவது?

கொடிக்கால் (கேள்வி):

மெல்பர்னில் வசிக்கிறோம். என் பெற்றோர் ஜனவரி நடுவில் ஊரிலிருந்து வந்து மே மாதம் வரை எங்களோடு தங்கவிருக்கிறார்கள். அப்பா கம்பம் பக்கத்தில் முப்பது ஆண்டுகள் பன்னீர் திராட்சை போட்டவர். அவருக்குக் கடற்கரையையும் மலையையும் காட்டுவதைவிட, மர்ரே ஆற்றங்கரையில் உள்ள மில்டூராவுக்கு அழைத்துப் போய், அங்கே கொடியை எப்படி வளர்க்கிறார்கள், பழத்தை எப்படிக் காயவைக்கிறார்கள் என்று காட்டினால் மனம் நிறையும் என்று தோன்றுகிறது.

ஜனவரி கடைசியில் பள்ளி திறக்கும் முன் போவதா, ஈஸ்டர் விடுமுறையில் போவதா என்பதில்தான் எனக்குக் குழப்பம். அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. முழங்கால் வலியும் உண்டு. இன்னொன்றையும் கூச்சமில்லாமல் கேட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் குடியைப் பற்றிப் பேசுவதே கிடையாது. அப்படிப்பட்ட இருவரை ஒயின் ஆலைக்கு அழைத்துப் போனால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்குமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆற்றோரவாசி (பதில்):

வணக்கம். மில்டூராவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் குறிப்பிட்ட இரண்டு சமயங்களையும் விட்டுவிட்டு, மார்ச் மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் நாள் விடுமுறையை ஒட்டிப் போங்கள். ஜனவரியில் பகல் வெப்பம் சராசரியாகவே 32, 33 டிகிரியைத் தொடும். வடக்கிலிருந்து காற்றடித்தால் அது 40ஐத் தாண்டி இரண்டு மூன்று நாள் அங்கேயே நிற்கும், அம்மாவை அறைக்குள் பூட்டி வைக்க வேண்டியதாகிவிடும். ஈஸ்டருக்குள் வெயில் தணிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அப்பா பார்க்க விரும்பும் வேலைகளில் பாதி அதற்குள் முடிந்து, காயவைக்கும் அடுக்குகள் பல தோட்டங்களில் காலியாகக் கிடக்கும்.

அந்த அடுக்குகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் நின்று பார்க்கப் போவது அவற்றைத்தான். மேலே தகரக்கூரை, அதற்குக் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாகக் கம்பிவலைத் தட்டுகள், நீளவாக்கில் இரண்டு பக்கமும் திறந்த ஒரு கொட்டகை என்று நினைத்துக்கொள்ளுங்கள். பறித்த சுல்தானா என்ற விதையில்லாத திராட்சையை அந்த வலைகளில் பரப்பி, பொட்டாசியம் கார்பனேட்டும் எண்ணெயும் கலந்த நீரை அதன்மீது தெளிப்பார்கள். திராட்சைத் தோலின்மேல் படிந்திருக்கும் மெழுகுப் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. இந்தக் கரைசல் பட்டதும் அது இளகிக் கொடுக்க, ஈரம் வேகமாக வெளியேறி, பழமும் கறுக்காமல் பொன்னிறமாகக் காய்கிறது. காய்ந்ததும் அடுக்கையே இயந்திரத்தால் குலுக்கிப் பழத்தைக் கீழே உதிர்க்கிறார்கள். பக்கத்தில் போய் நின்றால் வெல்லப்பாகு கொதிக்கும் வாசனை வரும்.

இப்போது பலர் அடுக்கை விட்டுவிட்டுக் கொடியிலேயே காயவைக்கிறார்கள். காய்த்த கிளையை மட்டும் அடியில் வெட்டிவிட்டுக் கம்பியிலேயே தொங்கவிட்டால், அது அங்கேயே உலர்ந்து, பிறகு இயந்திர அறுவடைக்குத் தயாராகிவிடும். அப்பாவுக்கு இது நிச்சயம் புதுமையாக இருக்கும். கம்பத்தில் தலைக்குமேல் பந்தலாகப் படரும் கொடி இங்கே வேலியைப்போல் வரிசை வரிசையாக நிற்பதையும் அவர் கவனிப்பார். ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும் ஊரிலிருந்து வருபவரிடம், இங்கே ஆண்டுக்கு ஒரே ஒரு காய்ப்பு, ஜூலையில் வந்தால் வெறும் குச்சிகளைத்தான் பார்க்க முடியும் என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

ஒயின் ஆலையைப் பற்றி அவ்வளவு யோசிக்க வேண்டாம். யாரும் கையில் கோப்பையைத் திணிக்க மாட்டார்கள். ஆற்றைப் பார்த்தபடி புல்வெளியும் சாப்பாட்டு இடமும் உள்ள ட்ரெந்தம் எஸ்டேட் போன்ற இடத்தில், அம்மா நிழலில் அமர்ந்து தேநீர் குடிக்கலாம். ஒயினுக்கான திராட்சையை இங்கே பெரும்பாலும் இரவில்தான் அறுப்பார்கள், வெயிலில் பறித்தால் பழம் சூடேறி அதன் மணம் கெட்டுவிடும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊருக்கு வெளியே காரை ஓரமாக நிறுத்தினால், கொடி வரிசைக்கு மேலே விளக்குகளோடு நகரும், ஆளைவிட உயரமான அறுவடை இயந்திரத்தை அப்பாவுக்குக் காட்டலாம். அதற்கு எந்த ஆலைக்குள்ளும் நுழைய வேண்டியதில்லை.

பழையகணக்கு (பதில்):

மேலே நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உங்கள் பெற்றோருக்குப் பிடிக்கும் செய்தி அது. மில்டூரா குடி விற்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு தொடங்கிய ஊர். ஊரின் நடுவில் இன்று நிற்கும் கிராண்ட் ஹோட்டல், காபி மாளிகையாகத்தான் கட்டப்பட்டது. அதே ஊரை நிறுவியவர்கள் 1888இல் ஒயினுக்காகவே கொடிகளையும் நட்டார்கள் என்பதும், பின்னாளில் அங்கிருந்த தொழிலாளர் மனமகிழ் மன்றத்தில் சுமார் 90 மீட்டர் நீளத்தில் உலகிலேயே நீளமானது என்று பெயர்பெற்ற மதுக்கூடம் இருந்தது என்பதும் வேறு கதை.

நிறுவியவர்கள் ஜார்ஜ் சாஃபி, வில்லியம் சாஃபி என்ற கனடாவில் பிறந்த சகோதரர்கள். கலிஃபோர்னியாவில் அவர்கள் அமைத்திருந்த பாசனக் குடியேற்றத்தை விக்டோரிய அமைச்சர் ஆல்ஃபிரட் டீக்கின் 1885இல் நேரில் பார்த்துவிட்டு வந்ததன் தொடர்ச்சியாகத்தான் அவர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைக் கூட்டினாலும் 300 மில்லிமீட்டருக்குக் குறைவாக வரும் அந்த நிலத்தில், ஆற்று நீரை மேட்டுக்கு ஏற்றாமல் ஒரு கொடியும் பிழைக்காது. ஆகவே அப்பாவை எல்லாவற்றுக்கும் முதலில் கிங்ஸ் பில்லபாங் என்ற ஆற்றோர நீர்நிலையில் உள்ள சைக்கி பெண்ட் நீரேற்று நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். ஜார்ஜ் வடிவமைத்து, பர்மிங்காமில் செய்து வரவழைத்த நீராவி எந்திரம் 1891 முதல் 1959 வரை அங்கே தண்ணீர் இறைத்தது. தன்னார்வலர்கள் அதைப் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். எந்திரம் ஓடும் நாள்கள் குறைவு, கேட்டுக்கொண்டு போவது நல்லது.

அண்ணன் தம்பி இருவருக்கும் கடைசியில் லாபம் கிடைக்கவில்லை. வாய்க்கால்கள் கசிந்தன, வங்கிகள் சரிந்தன, விளைந்த பழத்தைச் சந்தைக்குக் கொண்டுபோக 1903 வரை ரயிலே வரவில்லை. 1895இல் நிறுவனம் நொடித்துப்போய், ஜார்ஜ் அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டார். வில்லியம் அங்கேயே தங்கி, தன் தோட்டத்தில் உழைத்து, ஊரின் மேயராகவும் ஆகி, 1926இல் அங்கேயே இறந்தார். ரியோ விஸ்டா என்ற அவருடைய வீட்டை இப்போது கலைக்கூடத்தோடு சேர்த்துப் பார்க்கலாம். விவசாயிகளுக்கு இன்றும் கணக்கு இடிக்கத்தான் செய்கிறது. ஆஸ்திரேலிய ஒயினுக்குச் சீனா போட்ட வரி 2024 மார்ச்சில் நீங்கிய பிறகும் சிவப்பு ஒயினுக்கான பழம் தேவைக்கு மேல் இருப்பதால், பிடுங்கிக் குவித்த கொடிகளைச் சாலையோரத்தில் பார்க்க நேரலாம். அப்பா காரணம் கேட்டால் சொல்வதற்காக இதை எழுதுகிறேன்.

கொடிக்கால்:

இருவருக்கும் மிக்க நன்றி. மார்ச் என்றே முடிவு செய்துவிட்டோம். அம்மா அதிகம் நடக்காமல் பார்க்கக்கூடியது என்ன இருக்கிறது? மில்டூராவிலிருந்து அப்படியே அடிலெய்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகலாமா என்றும் யோசிக்கிறோம்.

வழித்துணை (பதில்):

தம்பி, அம்மாவைப் படகில் ஏற்றுங்கள். 1912இல் கட்டிய மெல்பர்ன் என்ற நீராவிப் படகு, இன்றும் விறகு எரித்துப் பக்கச் சக்கரங்களைச் சுழற்றிக்கொண்டு போகும். அது தடுப்பணையின் அருகே லாக் 11 என்ற மடைக்குள் நுழைந்ததும் பின்கதவு மூடி, நீர்மட்டம் இறங்கி, முன்கதவு திறக்கும். நாற்காலியை விட்டு எழாமலே இதையெல்லாம் பார்க்கலாம். என் மாமியார் முதலில் கரைதான் மேலே எழுகிறது என்று நினைத்துக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். ஓடும் நாளையும் நேரத்தையும் மட்டும் முன்பே பார்த்துப் பதிவு செய்யுங்கள். அடுத்து, அரைமணி நேரம் காரில் போனால் வென்ட்வர்த். டார்லிங் ஆறு மர்ரேயோடு சேரும் இடம். நீரின் நிறம் இரண்டாகத் தெரியும் நாளும் உண்டு, தெரியாத நாளும் உண்டு.

முங்கோ தேசியப் பூங்காவை யாராவது பரிந்துரைப்பார்கள். 40,000 ஆண்டுகளுக்கு முந்தைய மனித எலும்புகள் 1968இலும் 1974இலும் கிடைத்த, உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள இடம், பார்க்கத் தகுந்ததுதான். ஆனால் மில்டூராவிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல், அதில் பெரும்பகுதி மண்சாலை. மழை பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள். முழங்கால் வலியோடு அந்தக் குலுக்கலை நான் சொல்ல மாட்டேன்.

மெல்பர்னிலிருந்து ஏறக்குறைய 540 கிலோமீட்டர். ஒரே மூச்சில் ஓட்டாமல் பெண்டிகோவில் காலை உணவு, வைச்சிப்ரூஃபில் ஒரு தேநீர் என்று நிறுத்திப் போங்கள். அந்தச் சிற்றூரில் கடைத்தெருவின் நடுவிலேயே தண்டவாளம் ஓடுவதை அப்பா ரசிப்பார். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேருங்கள், அதற்குப் பிறகு கங்காரு குறுக்கே பாயும்.

அடிலெய்டுக்குப் போவதாக இருந்தால் இதை மறக்காதீர்கள்: தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழ ஈ வராமல் தடுக்க, ரென்மார்க்குக்கு முன்னால் யாம்பாவில் சோதனைச் சாவடி இருக்கிறது. திராட்சையோ ஆரஞ்சோ எந்தப் புதுப் பழமும் தாண்டக் கூடாது. தெரியாமல் கொண்டுபோனேன் என்றாலும் அபராதம் உண்டு. நாங்கள் ஒருமுறை தோட்டத்து வாசலில் வாங்கிய ஒரு பெட்டித் திராட்சையை, சாவடிக்குச் சற்று முன்னால் சாலையோரத்தில் காரை நிறுத்தி, ஐந்து பேருமாக உட்கார்ந்து தின்று பார்த்தோம். பாதிகூட முடியவில்லை. மீதியைச் சாவடியில் இருந்த தொட்டியில் போட்டபோது மாமியார் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆகையால் புதுப்பழத்தை மில்டூராவிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, தங்கைக்குக் கடையில் விற்கும் உலர்திராட்சைப் பொட்டலத்தை வாங்கிப் போங்கள். எல்லை தாண்டியதும் கடிகாரத்தை அரைமணி நேரம் பின்னால் வைக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குத் தங்கையிடம் நேரம் சொல்லும்போது அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.